அறுவைக்குப் பிந்தைய ஐந்தாண்டுக் கண்காணிப்பு: டர்பன் மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

2018 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோய்க்காக என் பெருங்குடலின் வலப்பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அதே மருத்துவமனையின் தொடர் கண்காணிப்பில் இருந்தேன். அங்கிருந்து விடைபெற்றும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இதே நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கோயிலில் என்னைக் காணும்போதெல்லாம், "ஆப்பரேஷன் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வார்கள், எங்கே போனால் நன்றாகப் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். பிரகாரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விடை இல்லை என்பதால் எழுதுகிறேன். அந்த மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போகிறேன். அங்கிருப்பவர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் இதில் உள்ள கேள்விகளை நீங்கள் கேட்கலாம் என்பதே என் நோக்கம்.

நோய் கண்டறியப்பட்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படியேறினால் மூச்சு வாங்கியது. புரட்டாசி விரதம் இருந்ததால் உடம்பு தளர்ந்திருக்கிறது என்று நானும் நினைத்தேன், வீட்டிலும் நினைத்தார்கள். பக்கத்து மருத்துவர் இரத்தசோகை என்று சொல்லி எட்டு மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாதவிடாய் நின்றுவிட்ட பெண்ணின் உடலிலிருந்து இரும்புச்சத்து எந்த வழியாகக் குறைகிறது என்ற கேள்வியை அவர் கேட்கவும் இல்லை, எனக்குக் கேட்கத் தெரியவும் இல்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் கட்டி பெரும்பாலும் வலியைக் கொடுக்காமல், கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தத்தை மட்டும் கசியவிட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒன்றையாவது நம் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அறுவை, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து, நீக்கிய பகுதியைச் சோதித்து எழுதிய நோய்க்கூறு அறிக்கை வந்தது. அறுவை மருத்துவர் அதை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்து, விரலால் வரி வரியாகக் காட்டி விளக்கினார். நீக்கிய பகுதியிலிருந்து 17 நிணநீர்க் கணுக்களை, அதாவது நோய் முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகளை, எடுத்துப் பார்த்திருந்தார்கள். அவற்றில் இரண்டில் நோய் இருந்தது. குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருந்தால்தான் நோயின் நிலையைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. உங்கள் அறிக்கையிலும் அந்த எண் இருக்கும், தேடிப் பாருங்கள். கணுக்களில் நோய் இருந்ததால் என்னுடையது மூன்றாம் நிலை. அமெரிக்கக் கணக்கின்படி, குடலுக்குள்ளேயே அடங்கியிருக்கும் பெருங்குடல் புற்றுநோயில் நூற்றுக்கு ஏறத்தாழ 91 பேரும், அருகிலுள்ள கணுக்களுக்குப் பரவியதில் எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களும், கல்லீரல் நுரையீரல் போன்ற தொலைவிடங்களுக்குப் பரவியதில் சுமார் 13 பேரும் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். அவர் இதை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு உடனே எழுந்து போகாமல் நான் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். சேவையின் தரத்தை நான் அளக்கத் தொடங்கியது அந்த அறையில்தான்.

கீமோதெரபி ஆறு மாதம் இருக்கும் என்று அஞ்சியிருந்தேன். அந்த ஆண்டு மார்ச்சில்தான், குறைந்த அபாயமுள்ள மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு ஆக்ஸாலிப்ளாட்டின் ஊசியும் கேப்சிடபின் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் கொடுத்தாலே ஏறக்குறைய அதே பயன் கிடைக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வெளியிட்டிருந்தார்கள். என் புற்றுநோய் மருத்துவர் அதைப் படித்திருந்தார். எனக்கு மூன்று மாதம் போதும் என்றார். இதனால் தப்பியவை என் விரல்கள். ஆக்ஸாலிப்ளாட்டின் நரம்புகளைத் தாக்கும். எவ்வளவு அதிகம் ஏறுகிறதோ அவ்வளவு காலம் மரத்துப்போதல் நீடிக்கும். ஜூன், ஜூலை குளிரில் காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூக்கட்ட உட்கார்ந்தால் நார் விரலுக்குள் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு தைப்பூசத்தின்போது மீண்டும் பார்க்காமலே கட்டினேன். ஆறு மாதம் எடுத்துக்கொண்ட சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

இனி கண்காணிப்புச் சேவைக்கு வருகிறேன். முதல் நாளே நீல அட்டை ஒன்றில் ஐந்து ஆண்டுக்கான நாட்காட்டியை எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்ப்பதும், நோய் திரும்பினால் இரத்தத்தில் ஏறக்கூடிய சி.இ.ஏ. என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பு, வயிறு, இடுப்புப் பகுதிகளுக்கு சி.டி. ஸ்கேன், அறுவை முடிந்து ஓராண்டில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, அதிலிருந்து மூன்றாண்டில் இரண்டாவது, பிறகு ஐந்தாண்டுக்கு ஒன்று. இந்த நோய் திரும்பி வருமானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ஐந்து ஆண்டைக் கடந்தபின் வருவது மிகவும் குறைவு. தொடக்கத்தில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் பார்ப்பதற்கு அதுவே காரணம். கல்லீரலிலோ நுரையீரலிலோ ஓரிரு இடத்தில் மட்டும் திரும்பியிருப்பதைச் சீக்கிரம் கண்டுவிட்டால் அதையும் அறுத்து நீக்கி நெடுநாள் வாழ வாய்ப்புண்டு.

அட்டையில் எழுதுவது எளிது. அதைக் கடைப்பிடிக்க வைத்தவர் அங்கிருந்த சிஸ்டர் ஒருவர். ஜூலு பெண்மணி, இருபது ஆண்டுகளுக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் பாராட்டில் முக்கால் பங்கு அவருக்கு உரியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பத்து நாள் முன்பு தொலைபேசியில் அழைப்பார். 2020 மார்ச் 27 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது எனக்கு இரண்டாம் ஆண்டு இரத்தப் பரிசோதனை நெருங்கியிருந்தது. இந்த நேரத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று நானே அதைத் தள்ளிப்போட முடிவு செய்திருந்தேன். அவர் அழைத்து, "ஆன்ட்டி, இங்கே வர வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேபில் காலை எட்டு மணிக்கு உங்கள் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம்" என்றார். போய் வந்தேன். மறுநாள் மாலையே முடிவைச் சொன்னார்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்துகொண்டிருந்தது. கோயில் பஸ்ஸில் ஏறப் பயந்தேன். திருமண வீடுகளில் இலைமுன் உட்கார்ந்து சாப்பிடாமலே எழுந்து வந்தேன். புற்றுநோயிலிருந்து பிழைத்தவள் இதற்கெல்லாம் முறையிடலாமா என்று எண்ணி மருத்துவரிடம் வாய் திறக்கவில்லை. சிஸ்டர்தான், "காலையில் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறீர்கள்?" என்று நேராகக் கேட்டார். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் வலப்பகுதியும் நீக்கப்பட்டவர்களுக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்கி இப்படிச் செய்யும் என்று அன்றுதான் அறிந்தேன். தண்ணீரில் கலந்து குடிக்கும் ஒரு தூள், மற்ற மாத்திரைகளுக்குச் சில மணி நேரம் தள்ளி; இரண்டு வாரத்தில் வயிறு அடங்கியது. அதே காரணத்தால் பி12 குறையக்கூடும் என்று ஆண்டுதோறும் அதையும் பரிசோதித்தார்கள். உயிரோடு இருப்பதையும் அந்த உயிரை வைத்துக்கொண்டு வெளியே போய் வருவதையும் இந்தச் சேவை ஒரே அக்கறையோடு பார்த்த இடம் இது.

2022 ஏப்ரல் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 11, 12 தேதிகளில் பெய்த மழையில் டர்பன் நகரமே குலைந்தது. பெருங்குழாய்கள் உடைந்து எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் இரண்டாவது கொலோனோஸ்கோப்பி 20ஆம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், முந்தைய இரவு குடிக்கும் மருந்து பெரும்பாலும் இரண்டு லிட்டருக்குக் குறையாது, அதன்பின் கழிவறையை விட்டு நகர முடியாது. முனிசிபாலிட்டி லாரியில் பிடித்த இரண்டு டிரம் தண்ணீரை வைத்துக்கொண்டு நான்கு பேர் வாழும் வீட்டில் அதைச் செய்வது எப்படி? தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி அழைத்தேன். சிஸ்டர் முந்தைய மாலையே வார்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்; அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. குடல் சுத்தமாக இருந்தது.

அந்தச் சோதனைக்காக அவர்கள் கொடுக்கும் உணவுத் தாள் மட்டும் நம் வீடுகளுக்கு உதவாது. வெள்ளை ரொட்டி, ஜெல்லி, கோழி சூப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நம் சமையலில் விதை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. கடுகு, சீரகம், வெந்தயம், தக்காளி விதை, கத்தரி விதை எல்லாம் குடலில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். சிஸ்டரிடம் கேட்டு, மூன்று நாள் முன்பிருந்தே தாளிக்காத தயிர்ச் சோறும் இட்லியும், கடைசி நாளில் மெல்லிய துணியில் வடிகட்டிய தெளிந்த ரசமும் என்று நானே ஒரு தாள் எழுதிவைத்துக்கொண்டேன். முதல் முறை என் குடலில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி ஒன்று இருந்தது, எடுத்துவிட்டார்கள். சுத்தமாக இல்லாத குடலில் அது தப்பியிருக்கலாம்.

குறைகளில் முதலாவது, அந்தச் சேவை முழுவதும் ஒரே மனிதரின் தோளில் நின்றது. 2021 ஜூலையில் எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் கலவரம் வெடித்தபோது எனக்கு ஸ்கேன் 13ஆம் தேதி இருந்தது. சாலைகளில் தடுப்புகள், கடைகள் எரிந்துகொண்டிருந்தன, தெருமுனையில் எங்கள் பையன்கள் இரவு முழுக்கக் காவல் நின்றார்கள். போக முடியாதது யார் குற்றமும் அன்று. ஆனால் ஊர் அடங்கிய பிறகும் அழைப்பு வரவில்லை. சிஸ்டர் நீண்ட விடுப்பில் இருந்தார், அவருக்குப் பதில் நோயாளிகளின் பட்டியலை யாரும் பார்க்கவில்லை. நானே மூன்று முறை அழைத்துப் புதிய தேதி வாங்குவதற்குள் பதினோரு வாரங்கள் போய்விட்டன. நோய் திரும்ப வாய்ப்புள்ள காலத்தில் பதினோரு வாரம் சிறிய தவறன்று. உங்கள் மருத்துவமனையில், அந்தச் செவிலியர் இல்லாத வாரத்தில் உங்கள் பெயரை யார் கவனிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது குறை என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. நான்காம் ஆண்டில் 2.1 ஆக இருந்த சி.இ.ஏ. திடீரென்று 5.2 என்று வந்தது. 5க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனை வேறொரு லேபுக்கு மாறியிருந்தது. அதை நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. சி.இ.ஏ.வை அளக்கும் முறை கருவிக்குக் கருவி மாறும், ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது, ஏற்றம் கண்டால் முதலில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும், புகைபிடிப்பதாலும் கல்லீரல் கோளாறாலும்கூட ஏறலாம். இதையெல்லாம் சொல்லியிருந்தால் நான் மகளை உட்காரவைத்து நகைகளைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். பழைய லேபிலேயே மீண்டும் எடுத்தபோது 2.3 இருந்தது. எந்த லேபில் எடுத்தது என்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

மூன்றாவது, ஸ்கேன்களின் எண்ணிக்கை. ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் ஐந்தாண்டில் பத்து. என் மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, முழுவதையும் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கட்டியது ஒரு மாத மளிகைச் செலவுக்குச் சமம். அதிகம் பார்த்தால் அதிகம் வாழலாம் என்றுதான் நானும் நம்பினேன். சுவீடன், டென்மார்க், உருகுவே நாடுகளில் 2,509 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்றாண்டில் ஐந்து முறையும் மறு பிரிவுக்கு இரண்டே முறையும் ஸ்கேனும் சி.இ.ஏ.வும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் இறந்தவர்களின் விகிதத்தில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாம் ஆண்டில் இதைச் சொல்லிக் கேட்டபோது அறுவை மருத்துவர் தயங்காமல் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார். கேட்டதும் குறைக்கக்கூடியதை அவர்களே முன்வந்து சொல்லியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்படி, சிகிச்சைக்குரிய புற்றுநோய்கள் கட்டாயக் குறைந்தபட்சச் சலுகைகளில் அடங்கும் என்பதையும், மெடிக்கல் எய்ட் மறுத்தால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸில் முறையிடலாம் என்பதையும் நான் பிந்தித்தான் அறிந்தேன். பில்லில் அந்தச் சலுகைக்குரிய குறியீடு போடப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

இந்தச் சேவையில் இல்லாத ஒன்றுக்காக எனக்கு உள்ள வருத்தம், அதில் உள்ள குறைகளைவிடப் பெரிது. நடப்பதைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் "கொஞ்சம் நடங்கள்" என்ற ஒரே வாக்கியம். 2025 ஜூனில் வெளியான சேலஞ்ச் என்ற ஆய்வில், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், அறுவையும் கீமோவும் முடிந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும். மற்றதற்கு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சியாளர் துணையிருந்தார். எட்டு ஆண்டு முடிவில் பயிற்சியாளர் இருந்த பிரிவில் நூற்றுக்கு 90.3 பேரும் கையேடு மட்டும் பெற்ற பிரிவில் 83.2 பேரும் உயிரோடு இருந்தார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பது அவர்கள் எட்ட முயன்ற அளவு. மருந்துகளுக்குக்கூட இவ்வளவு வேறுபாடு கிடைப்பது அரிது. கையேடு கிடைத்தவர்களும் நடக்கச் சொல்லப்பட்டவர்களே. அவர்களுக்கு இல்லாதது, விடாமல் கேட்க ஓர் ஆள். எனக்கு அந்த ஆளாக இருந்தவர் என் நாத்தனார். சனிக்கிழமை காலை நார்த் பீச் பார்க்ரனுக்கு அவர்தான் காரில் வந்து ஹார்ன் அடிப்பார். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, மெதுவாக நடப்பவர்களையும் யாரும் துரத்துவதில்லை. எல்லாருக்கும் அப்படி ஒரு நாத்தனார் கிடைப்பதில்லை. மருத்துவமனை அந்த ஸ்கேன்களுக்குச் செலவிட வைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு ஒரு பயிற்சியாளரை வைத்திருக்க முடியும்.

2023 ஏப்ரலில் கண்காணிப்பு முடிந்தபோது கைகுலுக்கி அனுப்பினார்கள். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நான் கேட்டபின் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: எந்தப் பகுதி நீக்கப்பட்டது, எத்தனை கணுக்கள், என்ன மருந்து எவ்வளவு, எந்த அறிகுறி வந்தால் யாரைப் பார்ப்பது. கட்டியில் செய்த பரிசோதனையின்படி இது லிஞ்ச் என்ற பரம்பரை வகையாக இருக்க வாய்ப்பு குறைவு என்ற குறிப்பும், அப்படியிருந்தும் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டும் என்ற குறிப்பும் அதில்தான் இருந்தன. ஐந்து ஆண்டு கழித்தா இதைச் சொல்வது? அந்தத் தாளைப் படமெடுத்துப் பாளையங்கோட்டையில் உள்ள தம்பிக்கு அனுப்பினேன். அவனுக்கு 48 வயது. அடுத்த மாதம் செய்துகொண்டான். இரண்டு பாலிப்களை எடுத்தார்கள், அவற்றில் ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேல்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், அறுவைக்கும் மருத்துவர்களின் நேர்மைக்கும் ஐந்து, அந்தச் சிஸ்டருக்கு ஐந்து, அவர் இல்லாதபோது நடந்ததற்கு இரண்டு, குடும்பத்தாருக்கான எச்சரிக்கைக்கும் உடற்பயிற்சிக்கும் ஒன்று. என் அடுத்த கொலோனோஸ்கோப்பி 2027 ஏப்ரலில். அதையும் அங்கேயே செய்துகொள்வதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.